காந்த அறைக்கு வெளியே

ரெஜினால்ட் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு
இரண்டையும் தட்டில் வைத்தார்.
கட்டைவிரல் பக்கம் தையல் விட்டிருந்தது.
அண்ணா சாலையின் ஒரு ஹாரன்கூட
அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி வரவில்லை.

இது கடலுக்கு சார், அது மலைக்கு.

கடலுக்கானது நீல முகம்.
விளிம்பு வளையத்தைத் திருகினால்
பல்லி சொல்வதுபோல் ஒரு சத்தம்.
எந்தத் திசையிலிருந்து என்று
என்னையறியாமல் பார்த்தேன்.
இருநூறு மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாதாம்.
நான் இறங்கிய அதிகபட்ச ஆழம்
ஒரு டிசம்பரில், வேளச்சேரியில்,
இடுப்புவரை.

மலைக்கானது கறுப்பு, கொஞ்சம் சின்னது,
பதினெட்டாயிரம் குறைவு.
எண்கள் கரும்பலகையில் சுண்ணாம்பால் எழுதியதுபோல்.
நான் ஏறிய மலை பரங்கிமலை.
அதுவும் ஆட்டோவில்.

தோல்பட்டை மட்டும் வேண்டாம் சார்,
மே மாசத்துல ஊறுகாய் ஆயிடும்.
ஒரு நாளைக்கு நாலு செகண்ட் முந்தும், தப்பா நினைக்காதீங்க.
நினைக்கவில்லை.
மாம்பலத்தில் நாலு செகண்டில் ரயிலை விட்டவன் நான்.

போட்டோ அனுப்பினேன். பூங்கோதை உடனே பேசினாள்:
ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் பேண்டுல நிக்குது, ஞாபகம் இருக்கா?
பிறகு கொஞ்சம் பொறுத்து,
நீலம் பளிச்சுனுதான் இருக்கு.
ஆனா உங்க கைக்கு அது
மாமியார் வீட்டுல போட்ட மோதிரம் மாதிரி.

பேட்டரி கிடையாது, கை அசைய அசைய ஓடும் என்றார் ரெஜினால்ட்.
கட்டாமல் வைத்தால்?
நீலம் முப்பத்தெட்டு மணி நேரம் தாங்கும். கறுப்பு எண்பது.
ஏன் சார், தினமும் கட்டத்தானே வாங்குறீங்க?

அவரிடம் என் வேலையைச் சொல்லவில்லை.

கீழ்ப்பாக்கத்தில், எம்.ஆர்.ஐ. அறையின் வாசலில்
ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குபவன் நான்:
வளையல், மெட்டி, ஹேர்பின், வெள்ளி அரைஞாண்.
தாலியைக் கழற்றச் சொன்னால்
சிலர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார்கள்.
அதற்காகவே மஞ்சள் கயிறு ஒரு கட்டு
மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.
எல்லோருக்கும் முன்னால்
என் கையில் இருப்பதைக் கழற்றி லாக்கரில் வைக்கிறேன்.
காந்தம் நெருங்கினால்
உள்ளே இருக்கும் தலைமுடிச் சுருளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.
இரண்டு வருஷ நைட் டியூட்டிப் பணம் தட்டில் கிடக்கிறது,
டியூட்டியில் கட்ட முடியாத ஒன்றுக்காக.

கறுப்பைக் கட்டிக்கொண்டு கதவுவரை நடந்தேன்.
வெயிலில் பார்க்க வேண்டும்.
ரெஜினால்ட் பின்னாலேயே வந்தார்,
கன்றுக்குட்டியின் கயிறு பிடித்தவர்போல்.
செகண்ட் முள் துடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது.
சிக்னலில் ஒரு பையன் ஹெல்மெட்டைத் தூக்கி நெற்றியைத் துடைத்தான்.
சிவப்பு பச்சையாக ஐம்பத்திரண்டு செகண்ட்.
நின்று எண்ணி முடித்தேன்.

இதையே போடுங்க என்றேன்.

அது ஆகி மூன்று மாசம்.
ஸ்கூட்டர் ஹேண்டிலில் தினமும் வெயில் காய்ந்து
கை கறுத்துவிட்டது, கடிகாரம் இருக்கும் இடம் தவிர.
ஞாயிறு இட்லி வேகும் பன்னிரண்டு நிமிஷத்துக்கு
நீலத்தின் வளையம் உதவியிருக்கும் என்று
இன்னமும் தோன்றுகிறது.

நேற்று, குழாய்க்குள் படுத்திருந்த அம்மாள்
கையிலிருந்த பந்தை அமுக்கினாள்.
இரைச்சலை நிறுத்திவிட்டு மைக்கில் கேட்டேன், என்னம்மா?
மணி என்னப்பா ஆச்சு? உள்ள ஒண்ணுமே தெரியல.
எதிரே திரையில் எல்லாம் எழுதியிருந்தது.
நான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
வெளுத்த வட்டம்,
அதில் நாலைந்து முடி.

இன்னும் ஏழு நிமிஷம்மா, என்றேன்.